மூன்று ஏக்கர் கரட்டுக்காடு, இரண்டு நட்சத்திர ஆமைகள்: நிலத்தை என்ன செய்வது?

போன ஐப்பசி மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். இருவருக்கும் மதுரையில் வேலை. பேரையூருக்கு மேற்கே, சாப்டூர் மலையைப் பார்த்தாற்போல ஒரு கரட்டடியில், அதாவது புதர் மண்டிய சிறு பாறைக் குன்றின் அடியில், அவர்களுக்கு மூன்று ஏக்கர் பூர்வீக நிலம் கிடக்கிறது. இருபது வருடமாக உழவு இல்லை. மழைக்கு எட்டிப் பார்க்கப் போனவர்கள், காரைப் புதரடியில் இரண்டு நட்சத்திர ஆமைகளைப் பார்த்திருக்கிறார்கள். கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டும்போது அந்தம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"இதுகளுக்கு நல்லது செய்யணும்ணே. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்றார் கணவர். மைத்துனர் மரக்கன்று நட்டு அடர்வனம் ஆக்கச் சொல்கிறார். சித்தப்பா சுற்றிலும் கம்பிவேலி போட்டுப் பூட்டச் சொல்கிறார். ஊரில் இருக்கும் பங்காளி, சும்மா போடாமல் குதிரைவாலியாவது விதைக்கச் சொல்கிறார். பக்கத்து நிலத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர் மட்டும் ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறாராம்.

இதே கேள்வி வாடிப்பட்டிப் பக்கமிருந்தும் மேலூர்ப் பக்கமிருந்தும் என்னிடம் வந்திருக்கிறது. எனக்கும் நாகமலை அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் உண்டு. அதில் செய்த தவறுகளையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

## முதலில் ஆமையின் பக்கம் நின்று பார்ப்போம்

நிலத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன், இந்த ஆமை எப்படிப் பிழைக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இது தண்ணீர் ஆமை இல்லை. நீந்தத் தெரியாது. வறண்ட முட்புதர் நிலமும் புல்வெளியும்தான் இதன் வீடு. வடமேற்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய பாகிஸ்தானிலும் ஒரு பகுதி, ஆந்திரத்திலிருந்து தென்தமிழகம் வரை ஒரு பகுதி, அப்புறம் இலங்கை. உலகத்தில் இயற்கையாக இது வாழும் இடம் அவ்வளவுதான். புல், உதிர்ந்த பூ, இலந்தைப் பழம், சப்பாத்திக்கள்ளி என்று தரையில் கிடைப்பதைத் தின்னும். மழைக்காலத்தில் காலையும் மாலையும் நடமாடும். கோடையில் ஏதாவது ஒரு புதரடியில் ஒடுங்கிக் கிடக்கும். முதுகில் உள்ள மஞ்சள் கோடுகள் கையில் எடுத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். காய்ந்த புல்லுக்குள் இரண்டு அடி தள்ளி இருந்தாலும் தெரியாது. ஓடத் தெரியாத பிராணிக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த மறைப்புத்தான். அந்தக் காய்ந்த புல்லும் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம்.

முட்டை விஷயம் இன்னும் முக்கியம். பெண் ஆமை பின்னங்காலால் மண்ணைத் தோண்டும். இறுகிய மண்ணாக இருந்தால் தன் சிறுநீரை விட்டே நனைத்து இளக்கிக்கொள்ளும். ஓர் ஈட்டுக்குப் பெரும்பாலும் பத்துக்குள்தான் முட்டை. இட்டு மூடிவிட்டுப் போய்விடும். அடைகாப்பது வெயில்பட்ட மண்தான், அதுவும் மாதக்கணக்கில். மண்ணின் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். ஆக, வெயில் விழும் வெட்டவெளி மண் இதற்கு ஒரு தேவை. புதர் நிழல் இன்னொரு தேவை. இரண்டும் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து நான் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் ஐந்து. வெயிலும் புதரும் கலந்து கிடைக்கிறதா? ஆமை தடையில்லாமல் பக்கத்து நிலத்துக்கும் கரட்டுக்கும் போய்வர முடிகிறதா? மிதிபடாமல், எரியாமல், குழியில் விழாமல் இருக்குமா? பிடித்துக்கொண்டு போக வருகிறவன் கையில் சிக்காமல் இருக்குமா? கடைசியாக, நமக்குப் பத்து வருடம் கட்டுபடியாகுமா?

கடைசிக் கேள்வியை வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆர்வத்தில் இரண்டு வருடம் செலவு செய்துவிட்டு மூன்றாம் வருடம் மனைப்பிரிவுக்காரருக்கு நிலத்தை விற்றவர்களை எனக்குத் தெரியும். அந்த இரண்டு வருட ஆர்வத்தால் ஆமைக்கு ஒரு பலனும் இல்லை.

## வழி 1: அடர்வனம் நடுவது

நான்கில் இதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. நல்ல மனசு உள்ளவர்கள் முதலில் கைவைப்பது இதில்தான்.

நம் ஊரில் அடர்வனம் என்று நடுவது பெரும்பாலும் ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி வகுத்த முறையை ஒட்டியது. சதுர மீட்டருக்கு மூன்று முதல் ஐந்து கன்றுகள். ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அப்படியானால் ஏக்கருக்குக் குறைந்தது 12,000 கன்றுகள். மூன்று ஏக்கருக்கு 36,000. கன்று இலவசமாகக் கிடைத்தாலும் குழி, உரம், கூலி இலவசமில்லை. முதல் இரண்டு மூன்று வருடம் கோடையில் தண்ணீர் விட்டே ஆக வேண்டும். மதுரை மாவட்டத்தில் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரும். அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டிவிடும். மீதி மாதங்களுக்கு போர் போட வேண்டும் அல்லது டிராக்டரில் தண்ணீர் அடிக்க வேண்டும்.

பணத்தை விடுங்கள். ஆமைக்கு என்ன ஆகும்? நடுவதற்கு முன் ஜேசிபியை விட்டு நிலத்தைக் கொத்திப் புரட்டுவார்கள். புதரடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஆமையும், மண்ணுக்குள் இருக்கும் முட்டையும் அன்றைக்கே போய்விடும். கன்று வளர்ந்து நான்கைந்து வருடத்தில் கிளை கூடி மூடிக்கொள்ளும். பார்க்கக் குளுகுளுவென்று இருக்கும். ஆனால் தரையில் வெயில் விழாது. வெயில் விழாத இடத்தில் கொழுக்கட்டைப் புல் ஏது? முட்டை வைக்கச் சூடான மண் ஏது? நகரத்துக்குள் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று மனையில் இந்த வனம் ஒரு வரம். கரட்டடியில் அது ஏற்கெனவே இருக்கும் ஒன்றை அழித்துவிட்டுத்தான் வரும்.

அந்த ஆடு மேய்க்கும் பெரியவரை நான் நேரில் போய்ப் பார்த்தேன். மைத்துனரின் யோசனையைச் சொன்னதும் அவர் சொன்னது இது: "ஏந்தம்பி, இருக்குற காட்டை அழிச்சுப்புட்டா காடு வளக்கப் போறீக?" எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலமும் காடுதான், கரட்டுப் புதரும் காடுதான். மலைமேல் இருப்பது மலை. படித்த எங்களுக்குத்தான் மரம் நெருக்கமாக நின்றால் மட்டும் காடு என்று ஆகிவிட்டது. அரசாங்கக் கணக்கும் அப்படித்தான். நாடு முழுமைக்கும் வெளியிடப்பட்ட தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர்நிலமும் தரிசின் ஒரு வகையாகத்தான் இருக்கிறது. அரிட்டாபட்டிக் குன்றுகளையும் வெறும் பாறை என்று நினைத்தவர்கள் எத்தனையோ பேர். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டபோதுதான் பலர் நிமிர்ந்து பார்த்தார்கள். அதற்குப் பிறகும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்து, ஊரே திரண்டு நின்று, 2025 ஜனவரியில்தான் அது ரத்தானது.

இந்த வழி எப்போது சரி? நிலம் ஏற்கெனவே கிராவல் மண் அள்ளிக் குதறிய பள்ளமாக இருந்தால், அல்லது பல வருடம் தென்னையோ வாழையோ இருந்து ஆமையே வராத நிலமாக இருந்தால், தாராளமாக நடலாம். அப்போதும் ஒரு மூலையை மட்டும் நட்டு, மீதியைத் திறந்து வையுங்கள். நடுவது உசில், வெள்வேல், இலந்தை போல நம் மண்ணுக்கு உரியதாக இருக்கட்டும். உசிலமரம் ஓர் ஊருக்கே பெயர் கொடுத்த பக்கம் இது.

## வழி 2: கம்பிவேலி போட்டுப் பூட்டுவது

சித்தப்பா சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. பயம் உண்மையானது. ஆமைகளைப் பிடித்து விற்கும் கூட்டம் பெரியது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவில் ஒரே ஒரு வணிக மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிபட்டுப் போவதாகச் சொன்னது. ஒரே ஓர் இடத்தின் கணக்கு இது. பெரும்பாலும் செல்லப்பிராணியாக வளர்ப்பதற்காக வெளிநாட்டுக்குக் கடத்தப்படுகின்றன. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சொல்லிச் சொல்லியே நம் பாட்டிமார் ஆமையை வீட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதனாலேயே பல ஆமைகள் பிழைத்தன. இப்போது ஆமை வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. அதனால் உள்ளூரிலும் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் வேலி ஆளை நிறுத்துவதைவிட ஆமையைத்தான் நன்றாக நிறுத்துகிறது. பிடிக்க வருகிறவன் வேலியை வெட்டிக்கொண்டு வந்துவிடுவான். ஆமையோ கம்பி வலையை முட்டி, அதை ஒட்டியே வெயிலில் நடந்துகொண்டிருக்கும். மூன்று ஏக்கர் ஆமைக்குப் போதாது. மழைக்கு ஒரு பக்கம், கோடைக்கு ஒரு பக்கம் என்று அது பக்கத்துக் கரட்டுக்கும் போய்வர வேண்டும். ஆணும் பெண்ணும் சந்திக்க வேண்டும். உள்ளே இரண்டு, வெளியே நான்கு என்று பிரித்து வைத்தால், கொஞ்ச காலத்தில் உள்ளேயும் இருக்காது, வெளியேயும் இருக்காது.

இங்கே என் தவறைச் சொல்ல வேண்டும். வேலிக்குச் செலவு அதிகம் என்று, வண்டி உள்ளே வராமல் இருக்க நிலத்தைச் சுற்றி மூன்றடி ஆழத்துக்கு அகழி வெட்டினேன். சுவர் போலச் செங்குத்தாக வெட்டிய அகழி. முதல் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது ஒரு பெண் ஆமை அதற்குள் செத்துக் கிடந்தது. அகழியின் ஓரத்தில் அது ஏறப் பார்த்த நகக் கீறல்கள் வரிசையாக இருந்தன. ஒரு வாரமாவது நடந்திருக்கும். அன்றைக்கே ஆள் வைத்து இருபதடிக்கு ஓர் இடத்தில் கரையைச் சரித்துவிட்டேன். அந்தக் கீறல்களை இன்னும் மறக்க முடியவில்லை.

வேலி போட்டே ஆக வேண்டிய நிலை சிலருக்கு உண்டு. குப்பை கொட்டுகிறார்கள், இரவில் மண் அள்ளுகிறார்கள், தெருநாய்க் கூட்டம் வருகிறது என்றால் போடத்தான் வேண்டும். அப்படியானால் கிளுவை வேலி போடுங்கள். மழை தொடங்கும்போது போத்தை வெட்டி ஊன்றினால் போதும், துளிர்த்துவிடும். ஆடுமாட்டை மறிக்கும், ஆமைக்கு அடியில் வழி விடும். அதன் நிழலில் அது படுத்துக்கொள்ளவும் செய்யும். கம்பிதான் வேண்டும் என்றால் அடிக்கம்பியைத் தரையிலிருந்து ஓர் அடி உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். அதற்குள் நாய் நுழையும் என்பதையும் தெரிந்துகொண்டே செய்யுங்கள்.

## வழி 3: மானாவாரி வெள்ளாமை

பங்காளி சொன்ன குதிரைவாலி யோசனையை எடுத்தவுடன் தள்ளத் தேவையில்லை. பேரையூர், தே.கல்லுப்பட்டிப் பக்கம் குதிரைவாலிக்குப் பழகிய மண். மழையை நம்பி விதைத்து, மூன்று மாதத்தில் அறுத்துவிட்டு, மீதி மாதங்கள் நிலத்தைச் சும்மா போடும் பழைய முறையோடு ஆமைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. அந்த முறையின் உயிர் வரப்பில் இருந்தது. அகலமான வரப்பு, அதில் துத்தியும் ஆவாரையும் சங்கஞ்செடியும், நிலத்து மூலையில் கல் பொறுக்கிக் குவித்த மேடு. வெள்ளாமை நிலத்தில் மேய்ச்சல், வரப்பில் வீடு.

இப்போது சிக்கல் எங்கே வருகிறது என்றால், வரப்பையும் சேர்த்து உழுது இரண்டு சென்ட் கூடுதலாகப் பிடிக்கிறோம். களையைக் கொல்ல மருந்து அடிக்கிறோம். அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் மாசி, பங்குனியில் தீ வைத்துக் கொளுத்துகிறோம். தீ வந்தால் முயல் ஓடிவிடும், உடும்பு ஓடிவிடும். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். அதற்குத் தெரிந்த தற்காப்பு அதுதான்.

இதைவிட மோசமான ஒன்று பண்ணைக்குட்டை. மழைநீரைச் சேர்க்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான்கு பக்கமும் சரிவாக வெட்டி நெகிழித்தாள் விரித்த குட்டையில் விழுந்த எதுவும் ஏறி வர முடியாது. தண்ணீர் குடிக்க வந்த ஆமை வழுக்கி உள்ளே போனால் முடிந்தது. ஒரு மூலையில் கல் அடுக்கிப் படிபோலச் சரிவு கட்டினால் அரைநாள் வேலை. அதுவும் இல்லையென்றால் பழைய சாக்குகளைத் தைத்துக் கரையிலிருந்து தண்ணீர்வரை தொங்க விடலாம். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்கும் இதே எச்சரிக்கைதான்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், மானாவாரி என்று தொடங்கியது அப்படியே நிற்பதில்லை. இரண்டு நல்ல வருடம் போனால் போர் போடச் சொல்வார்கள். போர் வந்தால் மல்லிகை வரும். மதுரை மல்லிக்கு இருக்கும் பெயருக்கும் விலைக்கும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் மல்லிகைத் தோட்டத்தில் மருந்து தெளிப்பு ஓயாது. தரையில் உதிரும் பூவையும் தளிரையும் தின்னும் பிராணிக்கு அது இடமில்லை. போர் போடுவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துக்கொண்டால் இந்த வழி நல்ல வழி.

நிலத்திலிருந்து ஏதாவது வருமானம் வந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும், ஊரில் பார்த்துக்கொள்ளப் பங்காளி இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வரப்பை ஐந்தடி அகலமாக விடுங்கள், கொளுத்தாதீர்கள், உழும் முன் ஒருவர் முன்னால் நடந்து புதரடியைப் பார்த்துவிட்டு வரட்டும்.

## வழி 4: கரடாகவே வைத்து, அளவாக மேய விடுவது

ஒன்றும் செய்ய வேண்டாம் என்று பெரியவர் சொன்னது ஏறக்குறைய சரி. முழுக்கச் சரி இல்லை, காரணம் சீமைக் கருவேலம். ஒன்றும் செய்யாமல் விட்டால் பத்து வருடத்தில் அது நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனடியில் புல் வராது, இலந்தை வராது, காரை வராது. ஆமை நிழலுக்கு ஒதுங்கலாம், பசிக்கு ஒன்றும் இருக்காது.

அதை எடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கினால் ஒரே நாளில் முடியும், அடர்வனத்துக்குச் சொன்ன அதே சேதமும் வரும். கரி மூட்டம் போடுகிறவர்களுக்கு மொத்தமாகக் கொடுத்தால் கையில் கொஞ்சம் காசு வரும். ஆனால் அவர்கள் மரத்தை வெட்டிக்கொண்டு தூரை விட்டுவிடுவார்கள், அடுத்த மழைக்கு ஒன்று பத்தாகத் துளிர்க்கும். நான் கண்ட வழி மெதுவானது. ஐப்பசி ஈரத்தில் சிறு கன்றுகளைக் கையாலேயே பிடுங்குவது; பெரிய மரத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, துளிர்விடும் கழுத்துப் பகுதிக்குக் கீழே வெட்டுவது; ஒரு வருடத்தில் நிலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடாதது. ஆமைக்குப் பழகிய நிழல் ஒரேயடியாகப் போகாமல் இருக்க இந்தப் பிரிப்பு. வெட்டிய இடத்தில் நாட்டுப் புதர் தானாக வரும். என் நிலத்தில் முதலில் வந்தது ஆவாரை, அடுத்த வருடம் இலந்தை.

மேய்ச்சல் ஏன் வேண்டும்? புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நின்றால் தீக்குத் தீனி. யாராவது பீடித் துண்டைப் போட்டால் கரடு முழுவதும் போகும். ஆடுமாடு அளவாக மேய்ந்தால் புல் மட்டமாக இருக்கும், இடையிடையே வெட்டவெளி மண் கிடைக்கும். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிக்குளம் கிடைமாடுகளுக்கும், ஊர் ஊராகக் கிடைபோட்டு நகரும் கீதாரிகளின் ஆடுகளுக்கும் மேய்ச்சல் நிலம் சுருங்கிக்கொண்டே போகிறது. அவர்களுக்கு ஒரு மாதம் இடம் கொடுத்தால் நமக்குச் சாணமும் பிழுக்கையும் மிஞ்சும், நிலத்தில் ஆள் நடமாட்டமும் இருக்கும். திருட வருகிறவனுக்கு இதைவிடப் பெரிய தடை இல்லை.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அளவு மீறி மேய்ந்தால் ஆமைக்குப் புல் மிஞ்சாது. மழை தொடங்கி முதல் ஆறு வாரமாவது மந்தையை உள்ளே விடாமல் இருப்பது நல்லது. ஆமை வெளியே வந்து தின்று தெம்பேற்றும் நேரம் அது. மந்தையோடு வரும் நாய் ஆமையைக் கடித்துப் பார்க்கும், அதைக் கட்டிவைக்கச் சொல்ல வேண்டும். ஆமை இருக்கும் சேதி மேய்ப்பவர்களுக்குத் தெரிந்தால் பரவிவிடுமே என்று அந்தம்மா கேட்டார். அவர்களுக்கு நமக்கு முன்பே தெரியும். அவர்களை நம்பி, மரியாதையாகப் பேசி, காவலுக்கும் அவர்களையே கேட்பதுதான் வழி. படம் எடுத்து ஊர்ப்பெயரோடு முகநூலில் போடுவதுதான் உண்மையான ஆபத்து. அதை மட்டும் செய்யாதீர்கள்.

வீட்டில் ஒரு கேள்வி வரும்: சும்மா போட்டால் கிராம நிலக் கணக்கான அடங்கலில் தரிசு என்று எழுதிவிடுவார்களே? எழுதட்டும். ஆனால் எல்லைக்கல் சரியாக இருக்கிறதா என்று வருடம் ஒருமுறை போய்ப் பாருங்கள். யாரும் எட்டிப் பார்க்காத நிலத்தில்தான் கிராவல் லாரி இறங்கும்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| பார்க்க வேண்டியது | அடர்வனம் | கம்பிவேலி | மானாவாரி | மேய்ச்சல் கரடு |
|---|---|---|---|---|
| வெயிலும் புதரும் | நான்கைந்து வருடத்தில் வெயில் போய்விடும் | இருப்பது இருக்கும். சீமைக் கருவேலம் மூடும் | வரப்பை விட்டால் கிடைக்கும் | நன்றாகக் கிடைக்கும் |
| போக்குவரத்து | பரவாயில்லை | தடைபடும் | நன்று | நன்று |
| உயிர்ச்சேதம் | தொடக்கத்தில் மிக அதிகம் | அகழி, வலை | உழவு, தீ, குட்டை, மருந்து | நாய், அளவுமீறிய மேய்ச்சல் |
| திருட்டு | மறைவு அதிகம், கண்காணிப்பு குறைவு | ஓரளவு தடுக்கும் | ஆள் நடமாட்டம் உதவும் | மேய்ப்பவரே காவல் |
| செலவு | மிக அதிகம், மூன்று வருடம் தண்ணீர் | தொடக்கத்தில் அதிகம், பிறகு பழுது | ஆண்டுதோறும். வருமானமும் உண்டு | குறைவு. ஆண்டுக்குச் சில நாள் கைவேலை |
| எங்கே பொருந்தும் | குதறிய நிலம், நகர மனை | குப்பை, மண் திருட்டு உள்ள சாலையோரம் | பார்த்துக்கொள்ள ஆள் உள்ள நிலம் | கரட்டை ஒட்டிய, நெடுநாள் உழாத நிலம் |

சூரியமின் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். கமுதியில் 648 மெகாவாட் நிலையம் வந்த பிறகு தென்மாவட்டங்களில் இந்தக் கேள்வி சாதாரணமாகிவிட்டது. வாடகை நிச்சயம். ஆனால் தரையைச் சமன்செய்து வேலி அடைக்கும் வேலை என்பதால், ஆமை இருக்கும் நிலத்துக்கு இதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை.

நிலம் தனியாருடையதாக இல்லாமல் ஊர்ப் பொதுக் கரடாக இருந்தால் வேறு கதை. ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு மூலம் பதிவேட்டில் ஏற்றலாம். 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கேட்கலாம். நாளாகும். அதற்குள் கரட்டடியில் இருக்கும் நாலைந்து பட்டாதாரர்கள் சேர்ந்து தங்கள் நிலங்களைத் திறந்து வைத்தாலே பெரிய காரியம்.

## ஆமையைக் கண்டால் எடுப்பதா, விடுவதா?

இதுவும் கூடவே வரும் கேள்வி. கரட்டில் நடமாடும் ஆமையைத் தொட வேண்டாம், அது தன் வீட்டில்தான் இருக்கிறது. சாலையில் கடந்துகொண்டிருந்தால், அது போகும் திசையிலேயே மறுபக்கம் கொண்டுபோய் விடுங்கள். வேறு ஊரில் "நல்ல காடு" இருக்கிறது என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நோய் தொற்றும் அபாயம் உண்டு. வடக்கத்தி ஆமைக்கும் நம் பக்கத்து ஆமைக்கும் மரபணுவிலேயே வேறுபாடு உண்டு. பறிமுதல் செய்த ஆமைகளைத் திரும்பக் காட்டில் விடுவதற்கே வனத்துறை யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

கோயில் தெப்பத்திலோ கண்மாயிலோ கிணற்றிலோ விடுவது அதற்குச் சாவு. கண்மாயில் வாழ்வது பாலாமை. அது வேறு சாதி, கண்மாய் வற்றினால் வண்டலுக்குள் புதைந்து அடுத்த மழைவரை கிடக்கும். கோடையில் உங்கள் ஊர்க் கண்மாயைத் தூர்வார வந்தால், ஒரு மூலையையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள். மண்ணோடு வெளியே வரும் ஆமையைப் பொறுக்கி ஈரமுள்ள பக்கம் விட ஓர் ஆளை நிறுத்துங்கள்.

வீட்டில் ஏற்கெனவே நட்சத்திர ஆமை வளர்க்கிறவர்கள் அதை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுவதுதான் நல்லது. பட்டா நிலத்தில் கிடைத்ததாக இருந்தாலும் அது நம்முடையது ஆகாது. 2022இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுச் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். பன்னாட்டு வணிகத்துக்கு முழுத்தடை விதிக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 2019இல் ஏற்றிவிட்டார்கள். சட்டத்தை விடுங்கள், கோதுமை உருண்டையும் முட்டைக்கோசும் தின்று ஓடு கூம்பு கூம்பாகப் புடைத்துப்போன ஓர் ஆமையை ஒரு வீட்டில் பார்த்தேன். அன்பாகத்தான் வளர்த்தார்கள். அது நடக்கவே சிரமப்பட்டது.

## பேரையூர் நிலத்துக்கு நான் சொன்னது

அவர்கள் நிலம் கரட்டை ஒட்டி இருக்கிறது, நெடுநாள் உழாதது, பக்கத்தில் மேய்ப்பவர் இருக்கிறார். அதனால் நான்காவது வழியைச் சொன்னேன். சாலையோரம் உள்ள அரை ஏக்கரில் மட்டும், பங்காளி மனம் கோணாமல் குதிரைவாலி. சாலைப் பக்கம் கிளுவை. மைத்துனருக்கு ஒரு வேலை இருக்கிறது: பழைய கிராவல் பள்ளம் ஒன்று நிலத்தின் வடமூலையில் கிடக்கிறது, அங்கே நூறு கன்று நடட்டும்.

மாசியில் போயிருந்தேன். கிழக்குப் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டியிருந்தார்கள். பெரியவர் தன் நாயைக் கட்டிவைக்க ஒரு கயிறு கொண்டுவந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பண்ணைக்குட்டையில் சரிவு கட்ட அந்தத் தோட்டக்காரரும் சம்மதித்துவிட்டார். கல் வந்து இறங்கியிருக்கிறது, பங்குனிக்குள் அடுக்கி முடித்துவிடுவதாகச் சொல்கிறார்கள்.